காலிப் பெட்டியும் சரக்குதான்

மளிகைக் கடையில் நாம் விலை வைக்காத சரக்கு ஒன்று உண்டென்றால் அது காலிப் பெட்டிதான். பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டி, சோப்பு வந்த பெட்டி, எண்ணெய் டின், பருப்பு வந்த சாக்கு, மூட்டையின் வாயைப் பிரிக்கும்போது கையோடு வரும் நூல் என்று நாள்தோறும் ஒரு குவியல் சேர்ந்துவிடுகிறது. பழைய பேப்பர்காரர் வருகிறார். காலால் மிதித்து மடித்து, தராசில் போட்டு, எடைக்கு எடுத்துப் போகிறார். ஒரு பிஸ்கட் பெட்டி அரைக்கிலோகூடத் தேறாது. அதற்குக் கிடைக்கும் காசில் ஒரு டீ குடிக்க முடியாது. இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று உறுப்பினர்கள் கேட்கலாம். நம் சில்லறை வியாபாரம் நிற்பதும் சரிவதும் ஓரளவுக்கு இந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதே நம் எண்ணம்.

ஒரு காலத்தில் தமிழ்நாட்டுச் சமையலறையை அடுக்கிக் கொடுத்தது மளிகைக் கடைதான். டால்டா டப்பா காலியானால் அதில் துவரம்பருப்பு ஏறும். ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டில் தீர்ந்தால் அதில் சீரகமோ மிளகோ சர்க்கரையோ வந்து உட்காரும். 15 கிலோ எண்ணெய் டின்னைத் தகர வேலைக்காரரிடம் கொடுத்து, மேல்தகட்டை வெட்டி, விளிம்பை மடக்கி, மூடி போட்டு வாங்கிவிட்டால் அரிசிக்கோ ராகிக்கோ பல வருடம் உழைக்கும். பெண்ணுக்குச் சீராக வந்த எவர்சில்வர் சம்புடங்கள் பரண்மேல் பளபளவென்று இருக்கும்; அன்றாடம் கை புழங்கியது நம் கடையிலிருந்து போன டப்பாக்கள்தான். சரக்கு தீர்ந்தாலும் டப்பா வீட்டில் தங்கியது. அதை நிரப்புவதற்கு அந்த வீட்டம்மாள் மறுபடியும் நம் கடைக்கே வந்தார்.

அந்த டப்பாக்கள் இப்போது வருவதில்லை. எண்ணெய் உறையில் வருகிறது. சத்துமாவும் பானப் பொடியும் பாக்கெட்டில் வருகின்றன. கத்தரிக்கோல் பட்டதும் உறை குப்பைக்குப் போகிறது. அது போகட்டும் என்று விடலாம். ஆனால் வீட்டில் டப்பா இல்லாமல் போனால் வாங்கும் முறையே மாறிப்போகிறது என்பதை நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை.

நம் மாவட்டத்தில் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகாத வீடு குறைவு. அங்கே போய்க் குடித்தனம் வைக்கும் இளம் தம்பதிக்கும், இங்கேயே லைன் வீட்டில் ஒரு அறையும் ஒரு சமையல் திட்டும் பிடித்துக் குடியேறுகிறவர்களுக்கும் சாமான் வைக்க இருப்பது சுவரில் பதித்த ஒன்றிரண்டு கடப்பைக் கல் மட்டுமே. துவரம்பருப்பு இரண்டு கிலோ சில்லறையாக வாங்கினால் எதில் கொட்டி வைப்பது? ஆகவே கால் கிலோ, அரைக்கிலோ பாக்கெட்டாக வாங்குகிறார்கள். பாக்கெட் தானே நிற்கும், தானே தொங்கும், ரப்பர் பேண்டு போட்டு மூடலாம். அந்த பாக்கெட்டை நம்மிடமே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் ஏதும் இல்லை. பெரிய கடையில் அதே பாக்கெட் சலுகை விலையில் கிடைக்கிறது. வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கவும் ஆள் இருக்கிறது. பாக்கெட் வியாபாரத்தில் நமக்கும் பெரிய கடைக்கும் சரக்கில் வித்தியாசம் இல்லை. சில்லறைச் சரக்கில்தான் நம் கண்ணும் கையும் பேசும். எந்த ஊர்ப் பருப்பு, எந்த மழைக்கு முந்திய கொள்ளு, எது குழம்புக்கு, எது சுண்டலுக்கு என்று பார்த்து நிறுத்துக் கொடுப்பது நாம். அந்த வியாபாரம் போனால் நம் கடை ஒரு பாக்கெட் அலமாரி, அவ்வளவே.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கடப்பைக் கல்லில் ஒன்றின் பின் ஒன்றாக வைத்த பொட்டலங்களில் பின்னால் இருப்பது யார் கண்ணிலும் படாது. இரண்டு மாதம் கழித்து எடுத்தால் வண்டு. உடனே, “என்னங்கண்ணா, உங்க கடைப் பயறு முழுக்க வண்டுங்க” என்று நம்மிடம் வந்து நிற்பார்கள். பயறில் குற்றம் இருந்ததா, வைத்த இடத்தில் குற்றமா என்று கடை வாசலில் நின்று வழக்காட முடியுமா? மாற்றிக் கொடுத்து அனுப்புகிறோம். ஒழுங்கில்லாத சமையலறையின் நட்டத்தில் ஒரு பங்கு நம் கல்லாவிலிருந்துதான் போகிறது.

சட்டமும் சில்லறைச் சரக்குக்கு இன்று இடம் கொடுத்திருக்கிறது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை கட்டி லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. நம்பர் கண்ணில் பட்டதும் 26 கிலோ சிப்பம் பிறந்த கதை அரிசி வியாபாரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூட்டையைப் பிரித்து நிறுத்துக் கொடுக்கும் பருப்புக்கு அந்த வரி கிடையாது. (மசாலாப் பொடிகள் இதில் சேராது. பொடித்த மசாலாவை உணவுப் பாதுகாப்பு விதிப்படி பாக்கெட்டில் அடைத்துத்தான் விற்க வேண்டும். முழு மிளகாய், மல்லி, மஞ்சள் கிழங்கு சில்லறையாக விற்கலாம்.) 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்து, 2021 டிசம்பரில் அரசு மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கிய பிறகு, காகிதப் பொட்டலமும் மறுபடி கடைக்கு வந்திருக்கிறது. பொட்டலம் மஞ்சப்பையில் வீடு வரைக்கும் பத்திரமாகப் போய்ச் சேர்கிறது. வீட்டுக்குப் போன பிறகு அதற்கு இடம் வேண்டுமே!

அந்த இடத்தை நாமே கொடுக்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் யோசனை. கடையில் சேரும் அட்டை, சாக்கு, நூல். அதோடு பசை, துணித் துண்டு, வண்ணத்தாள், வயர் கட்டு. இவ்வளவு போதும். ஃபேன்சி ஸ்டோரில் விற்கும் பிளாஸ்டிக் அடுக்குகளின் விலையில் ஒரு பங்குகூட ஆகாது.

முதலில் பாட்டில் வரும் பெட்டியைச் சொல்ல வேண்டும். சிரப், வினிகர், சாஸ் முதலியவை வரும் பெட்டிகளில் பாட்டில் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாக அட்டை செருகியிருப்பார்கள். பன்னிரண்டு பாட்டில் பெட்டி என்றால் பன்னிரண்டு அறை. பழைய பேப்பர்காரருக்குப் போடும்போது அந்த உள் அட்டையை உருவி எறிகிறோம். எறியாமல் பெட்டியின் உயரத்தை நான்கு விரல்கடை அளவுக்குக் குறைத்து வெட்டி, உள் அட்டையையும் அதே அளவுக்கு வெட்டித் திரும்பச் செருகினால் பன்னிரண்டு அறைப் பெட்டி ஆகிவிடும். கடுகு, சீரகம், வெந்தயம், சோம்பு, மிளகு, பட்டை, கிராம்பு, ஏலம், கசகசா, பெருங்காயம் என்று ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு அறை. நம் பாட்டிமார் வைத்திருந்த அஞ்சறைப் பெட்டிக்கு இது பெரிய தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வித்தியாசம் உண்டு. அஞ்சறைப் பெட்டி மரம்; அதில் கடுகை நேராகக் கொட்டலாம். அட்டையில் கொட்டக் கூடாது. பொட்டலமாகவோ சிறு டப்பாவாகவோ வைக்க வேண்டும்.

அடுத்தது இழுப்பறை மாதிரி உதவும் நீளப் பெட்டி. பிஸ்கட் பெட்டியை நீளவாக்கில் வெட்டினால் ஓரடிக்குக் குறையாத நீளமும் ஒரு சாண் அகலமும் உள்ள இரண்டு பெட்டிகள் கிடைக்கும். முன்பக்கத்தில் சணலைக் கோத்து ஒரு பிடி. கடப்பைக் கல்லில் பக்கம் பக்கமாக வைத்து, வேண்டும்போது இழுத்தால் பின்னால் இருப்பதும் கையோடு முன்னால் வந்துவிடும். வண்டு விவகாரத்தில் பாதி இந்தப் பிடியிலேயே தீர்ந்தது. வெட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அட்டையின் நடுவே அலை அலையாக ஓடும் மடிப்பு, பெட்டியின் பக்கங்களில் செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்கையாகப் போனால் பாரம் தாங்காது, ஒரு வாரத்தில் தொய்ந்துவிடும். ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டியின் அட்டையை வெட்டி ஒட்டி இரட்டையாக்கினால் பாட்டில் சுமக்கும் அளவுக்குக் கெட்டிப்படும்.

ஒட்டுவதற்குப் பசை வேண்டும். கடையில் விற்கும் வெள்ளைப் பசை நன்றாகவே ஒட்டும், விலை கொஞ்சம் அதிகம். மைதா பசை மலிவு. கரப்பானுக்கும் அது பிடிக்கும். மைதா பசையில் மயில்துத்தம் கலப்பது பைண்டிங்காரர்கள் வழக்கம். அது விஷம், சமையலறைக்குப் போகும் பெட்டியில் அந்த வழக்கமே வேண்டாம். நம் மாவட்டத்துக்காரருக்கு வேறு வழி இருக்கிறது. புளி வியாபாரத்தில் உள்ளவர்கள் வீட்டு முற்றத்தில் குவிந்து கிடக்கும் புளியங்கொட்டைதான் அது. வறுத்து, மேல்தோலை உடைத்து நீக்கி, பருப்பைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து, கட்டி தட்டாமல் கிண்டிக் காய்ச்சினால் கெட்டியான பசை. ஜவுளித் தொழிலில் நூலுக்குக் கஞ்சி போட இந்தப் பொடிதான் போகிறது. ஆந்திரத்துக் கொண்டபள்ளி பொம்மைக்காரர்கள் மரத்தூளோடு புளியங்கொட்டைப் பொடியைப் பிசைந்துதான் பொம்மைக்குக் கை கால் ஒட்டுகிறார்கள். கொட்டையை மூட்டை மூட்டையாக வெளியூருக்கு அனுப்புகிற நாம், ஒரு படி கொட்டையில் கிடைக்கும் பசையை இங்கே பயன்படுத்தாமல் இருக்கிறோம். காய்ச்சிய பசை இரண்டொரு நாளுக்கு மேல் தாங்காது. அன்றன்றைக்குக் காய்ச்ச வேண்டும். ஒட்டிய பெட்டியை வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே உள்ளே கொண்டுபோக வேண்டும்.

காகிதக் கூழ்க் கூடையை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பழைய காகிதத்தைக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிப் பிழிந்து, ஊறிய வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் வெண்ணெயாக அரைப்பார்கள். ஒரு குண்டானைக் கவிழ்த்து அதன்மேல் துணி விரித்து, கூழைச் சம கனமாக அப்பி, காயவைத்துக் கழற்றினால் கூடை. மூங்கில் முறத்தின் இடுக்கில் ராகி சிந்தாமல் இருக்க மெழுகியதும் இதே கூழால்தான். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, வற்றல் மிளகாய் வைக்க இதைவிட இலேசான, காற்று வாங்கும் கூடை கிடையாது. ஆட்டுக்கல் போய் கிரைண்டர் வந்துவிட்டதால் வேலையும் இப்போது பாதிதான். ஆனால் கிரைண்டரில் அரைத்த பிறகு நன்றாகக் கழுவாவிட்டால் அடுத்த நாள் தோசை மாவில் செய்தித்தாள் வாசம் வரும்! எழுதிய நோட்டுக் காகிதமும் கடை அட்டையும் கூழுக்கு உகந்தவை. செய்தித்தாளைத் தவிர்ப்பது நல்லது. அச்சு மை உடலுக்குக் கெடுதல் என்பதால் உணவுப் பொருளைச் செய்தித்தாளில் மடிக்கக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016லேயே அறிவுறுத்தியிருக்கிறது. பொட்டலம் மடிக்கும் நமக்கும் அது பொருந்தும்.

சாக்கை மடித்து வரிசையாகப் பை தைத்து, மேலே ஒரு மூங்கில் குச்சியைச் செருகிக் கதவின் பின்னால் தொங்கவிட்டால் கரண்டி, வடிகட்டி, தீப்பெட்டி, ரசீது எல்லாம் அதில் அடங்கும். கோணி ஊசியும் மூட்டை நூலும் நம் கையில் இருப்பவைதான். கூரையிலிருந்து தொங்கும் உறியை நாம் மறந்துவிட்டோம். இடமில்லாத வீட்டுக்கு அதைப் போல வசதி வேறில்லை. சணலை மூன்று புரியாகப் பின்னி, நான்கு முடிச்சுப் போட்டு ஒரு கூழ்க் கூடையை அதில் உட்கார வைத்தால் எறும்புக்கும் எலிக்கும் எட்டாது. பிளாஸ்டிக் வயர் கூடை பின்னும் கை இன்னும் ஊருக்கு ஊர் இருக்கிறது. மார்க்கெட்டுக்கு எடுத்துப் போகும் பெரிய கூடையைப் பின்னுகிறவர்களுக்கு, எண்ணெய் பாட்டில் நிற்கும் அளவில் நான்கு அறைக் கூடை பின்னுவது பெரிய வேலையல்ல. ஈரம் படும் இடத்தில் அட்டை உதவாது, வயர்தான் சரி.

இனி எச்சரிக்கை. நம்மில் பலர் மளிகையோடு உரமும் பூச்சிமருந்தும் விற்கிறோம். பூச்சிமருந்து வந்த பெட்டி, டின், சாக்கு எதுவும், எவ்வளவு கழுவினாலும், துடைத்தாலும், இந்த வேலைக்கு வரவே கூடாது. பினாயில், ஆசிட் வந்த பெட்டிகளும் அப்படித்தான். தனியாக ஒதுக்கி, தனியாக அழிக்க வேண்டும். கடைப் பையன் தெரியாமல் ஒன்றை எடுத்துக் கொடுத்தால் ஒரு குடும்பத்துக்கு ஆபத்து, நம் கடைக்கும் அத்தோடு முடிவு. எண்ணெய் டின்னை வெட்டினால் விளிம்பை மடக்காமல் கொடுக்கக் கூடாது. குழந்தை கை வைக்கும். தகர டின்னில் புளி வைக்கும்படி யாருக்கும் சொல்லாதீர்கள். புளியின் புளிப்பு தகரத்தைத் தின்றுவிடும். உப்புப் போட்டுக் கட்டிய புளிக்கு மண்பானையும் பீங்கான் ஜாடியும்தான் என்றைக்கும்.

சரி, இவற்றையெல்லாம் யார் செய்வது? கடையை விட்டுவிட்டு நாம் கத்தரிக்கோலோடு உட்கார முடியாது. செய்வதற்கான கைகள் இந்த மாவட்டத்தில் ஏற்கெனவே கூடியிருக்கின்றன. மகளிர் சுய உதவிக் குழு என்பது இன்று நாடெங்கும் தெரிந்த பெயர். தமிழ்நாட்டில் அரசின் திட்டமாக அது முதலில் வேர் பிடித்தது நம் தர்மபுரி மாவட்டத்தில். 1983ல் ஏற்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989 செப்டம்பரில் இங்கேதான் அந்த வேலையைத் தொடங்கியது. அப்போது கிருஷ்ணகிரியும் நம் மாவட்டமே, 2004ல்தான் பிரிந்தது. நபார்டு வங்கி குழுக்களையும் வங்கிகளையும் இணைக்கும் சோதனைத் திட்டத்தை 1992ல் கொண்டுவருவதற்கு முன்பே நம் ஊர்ப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வாரச் சந்தா எண்ணிக்கொண்டிருந்தார்கள். மாநிலத்தின் மற்ற மாவட்டங்களுக்கு மகளிர் திட்டம் என்ற பெயரில் அது பரவியது 1997-98க்குப் பிறகு.

அந்தக் குழுக்களின் ஊறுகாயையும் அப்பளத்தையும் நாம் கடையில் வைத்திருக்கிறோம். அதில் நடப்பதைத் திறந்து பேசினால் தப்பில்லை. சரக்கை வாங்கி வைத்துக்கொண்டு, “விற்றால் காசு, விற்காவிட்டால் எடுத்துக்கொண்டு போ” என்று சொல்வதுதான் பெரும்பாலும் நம் பழக்கம். கம்பெனி ஏஜென்ட் கேட்டால் முன்பணம் கொடுக்கிறோம். பக்கத்துத் தெருப் பெண் கேட்டால் அடுத்த வாரம் வரச் சொல்கிறோம். இந்தப் பெட்டி விஷயத்தில் அது உதவாது. கடை அட்டையையும் சாக்கையும் பழைய பேப்பர்காரர் தரும் அதே விலைக்குக் குழுவுக்குக் கொடுப்போம். பிஸ்கட் பெட்டியைப் பிரிக்கும்போது கத்தியை வயிற்றில் பாய்ச்சாமல் ஓரத்து டேப்பை மட்டும் கிழிக்கக் கடைப் பையனுக்குச் சொல்லிவைப்போம். செய்து வந்த பெட்டிக்கு அன்றைக்கே ரொக்கம் கொடுப்போம். முதலில் ஐந்து பெட்டி மட்டும் எடுத்தாலும் போதும். கையில் காசு விழுந்தால்தான் அடுத்த பெட்டி ஒழுங்காக வரும். அளவு சொல்ல வேண்டியவர்களும் நாமே. அரைக்கிலோ பொட்டலம் எவ்வளவு உயரம் நிற்கும், ஒரு கிலோ பருப்புக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்பது பொட்டலம் கட்டும் கைக்குத்தான் தெரியும்.

“பெட்டியில் என்ன லாபம் கிடைத்துவிடும்?” என்று மொத்த வியாபாரிகள் கேட்பார்கள். பெட்டியில் ஒன்றும் கிடைக்காது. வாங்கிய விலைக்கே விற்றாலும் சரிதான். மாதச் சாமான் சிட்டை இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் போகிறவர்களுக்கு ஒன்றைச் சும்மா கொடுத்தாலும் தப்பில்லை. தீபாவளிக்குக் காலண்டரும் கைப்பையும் கொடுக்கிறோமே, அதைவிட இது வீட்டில் நிற்கும். பன்னிரண்டு அறைப் பெட்டி ஒன்று ஒரு வீட்டுக்குப் போனால், மூன்று அறை காலியாக இருப்பதை அந்த அம்மாள் தினமும் பார்ப்பார். கசகசாவும் சோம்பும் தீர்ந்தது அப்போதுதான் நினைவுக்கு வரும். விளம்பரத்துக்குச் செலவழிக்க நம்மிடம் பணம் இல்லை. அந்தக் காலி அறை நமக்காகப் பேசட்டும்.

மழைக்காலத்தில் அட்டை பதத்துப் போகும் என்று சொல்கிறவர்களுக்கும் பதில் உண்டு. பதத்துப் போகும்தான். ஒரு வருடம் உழைத்தால் அதன் விலைக்கு அது போதும். போகியன்று பழையதைக் கழித்துப் புதியது எடுக்கட்டும். நம் பண்டிகையே அதற்குத்தானே இருக்கிறது.

காலமும் தோதாக வருகிறது. மார்கழி கடைசியில் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, அடுப்படியைக் கழுவி, சாமான்களை எல்லாம் வெளியே எடுத்து வைப்பார்கள். மறுபடி உள்ளே அடுக்கும்போதுதான் பெட்டியின் அருமை தெரியும். அதைத் தொட்டு மாசி, பங்குனியில் புதுப் புளியும் புது மிளகாயும் சந்தைக்கு வரும். வருடச் சாமான் வாங்கும் வீடுகள் அப்போதுதான் வாங்கும். எனவே கார்த்திகைக்குள் ஒரு குழுவிடம் பேசி முடித்து, மார்கழி பிறக்கும்போது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மாதிரிப் பெட்டியை வைத்துவிட வேண்டும். வெறும் பெட்டியாக வைக்காதீர்கள். ஒன்பது அறையில் நம் கடைச் சரக்கைப் பொட்டலம் கட்டி நிரப்பி, மூன்று அறையை மட்டும் காலியாக விட்டு வையுங்கள்.